விசில் ஊதாத நிறுத்தம்

பிப்ரவரி 3, திங்கள்

இந்த ஆண்டு அலுவலகத்தில் கொடுத்த டைரிக்கு அட்டை நன்றாக இருக்கிறது. ஜனவரி முழுக்கத் தண்ணீர் வந்த நாளையும் பால் வராத நாளையும் மட்டும் குறித்து வைத்திருந்தேன். இன்று கொஞ்சம் நீளமாக எழுத வேண்டும்.

வெள்ளிக்கிழமை நான் விடுப்பு. முழங்காலைக் காட்ட மதுரைக்குப் போயிருந்தேன். அன்று மாலை எங்கள் ஊர் வழியாகப் போகும் 5.40 வண்டி வாய்க்கால் பாலத்தருகே நின்றிருக்கிறது. அங்கே நிறுத்தம் கிடையாது. ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பேச்சியம்மாள் இறங்கியிருக்கிறாள். வண்டிக்கும் பாலச் சுவருக்கும் நடுவில் இடது பக்கமாக ஒரு மோட்டார் சைக்கிள் புகுந்து அவளைத் தட்டிவிட்டது. வலது காலில் இரண்டு இடத்தில் முறிவு. செய்தித்தாளில் படத்தோடு வந்துவிட்டது. ஓட்டுநர் உச்சிமாகாளியை சனிக்கிழமையே சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள்.

குற்றச்சாட்டுக் குறிப்பாணை எழுத வேண்டியது என் பிரிவு. பேருந்துக் கோட்ட அலுவலகத்தில் ஒழுங்கு நடவடிக்கைப் பிரிவின் கண்காணிப்பாளர் நான். ஓட்டுநர், நடத்துநர் எல்லோரும் எனக்கு 'மெமோக்கா' என்று பெயர் வைத்திருப்பது எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருப்பேன்.

நான் அன்று அந்த வண்டியில் இல்லை.

பிப்ரவரி 4, செவ்வாய்

தண்ணீர் வந்தது. இரண்டு குடம் குறைவு.

குறிப்பாணை வரைவு எழுதி முடித்தேன். இருபத்து மூன்று வருடமாக இதே வேலை. வெளியே இருப்பவர்களுக்கு எல்லா மெமோவும் ஒன்று போலத் தெரியும். அப்படி இல்லை. 'கவனக்குறைவாக இருந்துள்ளார்' என்று எழுதினால் எச்சரிக்கையோடு போய்விடும். 'விதியைக் கடைப்பிடிக்கத் தவறியுள்ளார்' என்றால் ஒரு வருட ஊதிய உயர்வு நிற்கும். 'விதியை மீறியுள்ளார்' என்றால் இரண்டு, மூன்று வருடம். அதற்கு முன்னால் 'அறிந்தே' என்று ஒன்றைச் சேர்த்துவிட்டால் ஆள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இப்படி எந்த நிலையாணையிலும் இல்லை. ஆனால் கோட்ட மேலாளராக வந்தவர்கள் எல்லோரும் இப்படித்தான் படித்தார்கள், நானும் இப்படித்தான் எழுதினேன்.

உச்சிமாகாளிக்கு 'கடைப்பிடிக்கத் தவறியுள்ளார்' என்று எழுதியிருக்கிறேன். இருபத்து நாலு வருடத்தில் ஒரு விபத்து கிடையாது. பாதுகாப்பாக ஓட்டியதற்கு மெடல் வாங்கியவர். அவ்வளவு போதும்.

பிப்ரவரி 6, வியாழன்

வரைவு திரும்பி வந்துவிட்டது. கோட்ட மேலாளர் புதியவர், வேலூர்ப் பக்கம். வந்து ஐந்து மாதம் ஆகிறது. பச்சை மையில் என் வரியை அடித்து, 'அறிந்தே மீறியுள்ளார்' என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறார்.

அறைக்குப் போய்க் கேட்டேன்.

"மேடம், கண்டக்டர் வாக்குமூலம் பாத்தீங்களா? 'நான் விசில் ஊதவில்லை, அவராகத்தான் நிறுத்தினார்'னு எழுதிக் கொடுத்திருக்காரு. விசிலே இல்லாம ஒரு டிரைவர் பாலத்துல நிறுத்தறாரு. தெரிஞ்சு செஞ்சது இல்லாம வேற என்ன?"

"மத்த ரெக்கார்டு எல்லாம் நல்லாயிருக்கு சார்."

"அந்தம்மா கால் நல்லா இல்லையே மேடம்."

வந்துவிட்டேன். அருள்செல்வியிடம் கொடுத்துத் தட்டச்சு செய்யச் சொன்னேன். அவள் எங்கள் பிரிவில் இளநிலை உதவியாளர். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் அடிப்பாள். அடித்துக்கொண்டே, "அக்கா, இது டிஸ்மிசல்லயில்லா போய் முடியும்?" என்றாள். விசாரணை முடியட்டும் என்றேன்.

விசிலைப் பற்றி ஒன்று குறித்து வைக்கிறேன். ஒரு விசில் என்றால் வண்டி நிற்க வேண்டும், இரண்டு என்றால் கிளம்ப வேண்டும். பாலத்தில் மட்டும் யாரும் விசில் ஊதுவதில்லை. வண்டி மெதுவாகும், நிற்கும், மறுபடி நகரும். விசில் இல்லாததால் வண்டி நின்றதாகக் கணக்கில்லை. நடத்துநர்கள் ஒருவருக்கு ஒருவர் சொல்லி வைத்த ஏற்பாடு அது. இப்போது அதுவே உச்சிமாகாளியின் கழுத்தில் வந்து விழுந்திருக்கிறது.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஆராதனை முடிந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். நாலு ஆரஞ்சு, ஒரு ஹார்லிக்ஸ். பேச்சியம்மாளின் காலை எடை கட்டித் தொங்க விட்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தாள்.

"ஏம்க்கா நீங்க போயி இவ்வளவு தூரம்..."

"பேசாம இருட்டி. டாக்டர் என்ன சொன்னாரு?"

"கம்பி வைக்கணுமாம். மூணு மாசம் நிக்கப்பிடாதுங்காரு. நான் நின்னு பாக்க வேலைதானக்கா பாக்கேன்." சிரித்தாள். அவளுக்கு எதற்கும் சிரிப்பு. வண்டியிலும் அப்படித்தான். "டிரைவரண்ணன் மேல தப்பில்லக்கா. அந்த மோட்டார் சைக்கிள்காரந்தான். நீங்க எறங்கும்போது ஒங்க பின்னாலயே நானும் எறங்கிருவேம்லா. அன்னைக்கு நீங்க வரல. நிக்காதுன்னுதான் நெனச்சேன். பழக்கதோசத்துல அண்ணன் நிறுத்திட்டாரு. சரி, வண்டி நின்னுட்டுன்னு நானும் எறங்கிட்டேன்."

ஆரஞ்சை உரித்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

எங்கள் வீடு பாலத்துக்கு நேர் எதிர்த் தெருவில் இருக்கிறது. முறையான நிறுத்தம் பண்ணைவிலக்கு. பாலத்தைத் தாண்டி முக்கால் கிலோமீட்டர் போய், அதே முக்கால் கிலோமீட்டர் திரும்பி நடந்து வர வேண்டும். முழங்காலை வைத்துக்கொண்டு அது முடியாத காரியம். ஆனால் நான் எந்த ஓட்டுநரையும் எந்த நாளும் பாலத்தில் நிறுத்தச் சொன்னதில்லை. இதை இங்கே எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 12, புதன்

தண்ணீர் வரவில்லை.

சாயங்காலம் 5.40 வண்டியில் வேறு ஓட்டுநர், சங்கரன்கோவில்காரர். பாலத்தில் நிற்கவில்லை. இனி யார் நிறுத்துவார்கள்? பண்ணைவிலக்கில் இறங்கி ஆட்டோவில் வந்தேன்.

பிப்ரவரி 17, திங்கள்

உச்சிமாகாளி மெமோ வாங்க வந்தார். சஸ்பென்ஷனில் இருப்பவர்கள் காக்கிச் சட்டை போடக் கூடாது. வெள்ளைச் சட்டையில் அவரை அடையாளம் தெரியவில்லை. இத்தனை வருடம் அவர் முதுகையும் கண்ணாடியில் கண்ணையும்தான் பார்த்திருக்கிறேன். நின்றுகொண்டே கையெழுத்துப் போட்டார். உட்காருங்கள் என்றேன், உட்காரவில்லை. ஏழு நாளில் விளக்கம் கொடுக்க வேண்டும் என்று சொன்னேன். சரிக்கா என்றார்.

மெமோவை அவர் படிக்கவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எல்லோரும் முதல் வேலையாக அந்த ஒரு வரியைத்தான் தேடுவார்கள்.

பிப்ரவரி 18, செவ்வாய்

'மீறு' என்ற சொல்லை இன்று அலுவலக அகராதியில் எடுத்துப் பார்த்தேன். இவ்வளவு காலம் எழுதியதை இப்போது போய்ப் பார்க்கிறேன் என்று அருள்செல்வி சிரித்தாள். மேற்போதல், கடத்தல், வரம்பு தாண்டுதல் என்று போட்டிருக்கிறது. வீட்டில் இந்தச் சொல்லை விதிக்கு யாரும் சொல்வதில்லை. பிள்ளை சொன்னதைக் கேட்கவில்லை என்றால், 'சொன்ன பேச்சு கேக்கல' என்போம். 'மீறிட்டான்' என்று எந்தத் தாயாவது சொல்வாளா? வேலை கைமீறிப் போயிற்று என்போம். வயதுக்கு மீறிய பேச்சு என்போம். கோப்பில் மட்டும்தான் ஆள் மீறுவார், அவர் பெயரும் பணி எண்ணும் போட்டிருக்கும். யாருக்காக மீறினார் என்று எழுத எங்கள் படிவத்தில் இடமில்லை.

பிப்ரவரி 22, சனி

துணி ஊறப் போட்டேன். அவர் மாவு அரைத்து வந்தார். 'அவர்' என்றால் வீட்டுக்காரர், தேவசகாயம். மின்சார வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். பேச்சு குறைவு, பேசினால் ஷாக்.

சாப்பிடும்போது சொன்னேன், "நான் ஒருநாளும் நிறுத்தச் சொன்னதில்ல."

"யாரு கேட்டா?"

"சும்மா சொல்லுதேன்."

"நீ சொல்லாம வண்டி அதுவா நிக்குமாக்கும்? அதுக்கென்ன ஒன் வீட்டு மேல பாசமா?" என்று ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

சாயங்காலம் வரை அவரோடு பேசவில்லை. அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

பிப்ரவரி 24, திங்கள்

உச்சிமாகாளி விளக்கம் கொடுத்துவிட்டார். ஒரு முழுத் தாளில் மூன்று வரி. 'அன்று வாய்க்கால் பாலத்தில் பேருந்தை நிறுத்தியது உண்மை. இனிமேல் இவ்வாறு நடக்காது. மன்னித்து அருள வேண்டுகிறேன்.'

இது விளக்கமே இல்லை. கழுத்தை நீட்டுவது. வராந்தாவுக்குக் கூட்டிப்போய்ப் பேசினேன். தண்ணீர்ப் பானை பக்கம் அப்போது யாரும் இல்லை.

"இப்படி எழுதினா ஒத்துக்கிட்டதா ஆயிரும். பயணிகள் கேட்டாங்க, அவங்க வசதிக்காக நிறுத்தினேன்னு எழுதுங்க. ரொம்ப நாள் வழக்கம்னு எழுதுங்க."

"எந்தப் பயணி, எத்தனை நாளான்னு கேப்பாங்கல்லாக்கா."

அவர் என்னைச் சமாதானப்படுத்துவது போல, மிகவும் தணிந்த குரலில் சொன்னார்.

"நீங்க பயப்படாதிய. ஒங்க பேரு எங்க வாயில இருந்து வராது. கண்டக்டர்ட்டயும் சொல்லியாச்சு. நீங்க என்னைக்குக்கா நிறுத்தச் சொன்னிய? ஒருநாளும் சொன்னதில்லியே. நீங்க சொல்லாமலே நிக்கணும்னு எங்களுக்குத் தெரியும்லா."

சொல்லிவிட்டு, ஆறுதலாகத் தலையை வேறு ஆட்டினார். மூன்று வரித் தாளை வாங்கிக்கொண்டு வந்து தேதி முத்திரை குத்தினேன். முத்திரை கோணலாக விழுந்துவிட்டது.

பிப்ரவரி 25, செவ்வாய்

எழுத ஒன்றும் இல்லை. தண்ணீர் வந்தது.

பிப்ரவரி 27, வியாழன்

எழுதிவிடுகிறேன். இந்த டைரியைப் படிக்கப் போவது நான் ஒருத்திதான்.

முதலில் நிறுத்தியது உச்சிமாகாளி இல்லை. அவருக்கு முன்னால் அந்த வழித்தடத்தில் ஓட்டியவர், இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். ஒருநாள் நல்ல மழை. முன் சீட்டில் இருந்தேன். பாலம் வந்ததும், "இந்தா, எங்க வீட்டு மாடி தெரியுது" என்றேன். அவ்வளவுதான். நிறுத்தினார். மறுநாள் மழை இல்லை. பாலம் வந்ததும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். நிறுத்தினார். அப்போது அவர் மேல் ஒரு கோப்பு என் மேசையில் இருந்தது. சின்ன விஷயம், எச்சரிக்கையோடு முடித்தேன். எப்படியும் அப்படித்தான் முடித்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

பிறகு உச்சிமாகாளி வந்தார். அவர் மூன்று வாரம் நிறுத்தவில்லை. அவருக்கு விஷயம் தெரியாது. நான் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், வண்டி பாலத்தைத் தாண்டிப் போய்விடும். மூன்று வாரமும் பண்ணைவிலக்கிலிருந்து நடந்தேன். நாலாவது வாரமோ என்னவோ, நிறுத்த ஆரம்பித்தார். யாராவது சொல்லிக் கொடுத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். இவ்வளவு நாளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 3, திங்கள்

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பதிவறைக்குப் போனேன். உச்சிமாகாளியின் பழைய கோப்புகளை எடுத்தேன். விசாரணைக்கு முந்தைய பதிவுகளைத் தொகுப்பது என் வேலைதான், யாரும் கேட்கப் போவதில்லை.

மெடல் பரிந்துரை ஒன்று. விடுப்பு நீட்டிப்பு ஒன்று. அப்புறம் ஏழு வருடத்துக்கு முந்தைய குறிப்பாணை. அவர் எங்கள் வழித்தடத்துக்கு வந்த பதினேழாவது நாள் தேதி. நிலையத்திலிருந்து எட்டு நிமிடம் தாமதமாக வண்டியை எடுத்தது குற்றம். அதே வாரம் அதே குற்றத்துக்கு வேறு மூன்று பேருக்கும் மெமோ போயிருக்கிறது. அதே கோப்புக் கட்டில்தான் இருந்தன. மூன்றையும் எடுத்துப் பார்த்தேன். மூன்றிலும் 'கவனக்குறைவாக இருந்துள்ளார்'. உச்சிமாகாளிக்கு மட்டும் 'விதியை மீறியுள்ளார்'. வரைவில் என் கையெழுத்து. முதலில் 'கவனக்' என்று தொடங்கி, அடித்துவிட்டு எழுதியிருக்கிறேன்.

இரண்டு வருட ஊதிய உயர்வு நிறுத்தம்.

வேண்டுமென்று எழுதவில்லை என்று எழுத வந்தேன். அந்த அடித்த இடத்தைப் பார்த்த பிறகு எழுத முடியவில்லை. வேண்டுமென்றுதான் எழுதினேன். வாரக் கணக்கில் நடந்த கோபம். எனக்கு அப்போதே தெரியும். வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 5, புதன்

விசாரணை அதிகாரியை நியமித்துவிட்டார்கள். மார்ச் 28 விசாரணை. நடத்துநரும், நடக்க முடியாத பேச்சியம்மாளுக்குப் பதில் அவள் மகனும் சாட்சிகள். உச்சிமாகாளி தரப்பில் யாரும் இல்லை.

அருள்செல்வி கேட்டாள், "ஏம்க்கா, அவரு யாரையாவது காப்பாத்துதாரோ?" நான் நிமிரவில்லை. அவளும் அதே வண்டியில் இரண்டு நிறுத்தம் வருகிறவள். தெரியாமல் கேட்டாளா, தெரிந்து கேட்டாளா என்று எனக்கு விளங்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை. முழங்கால் வலி என்று சொன்னேன்.

வீட்டில் இருந்து யோசித்துப் பார்த்தேன். எனக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. நான் வாயைத் திறக்காவிட்டால் ஒன்றும் ஆகாது. அன்று நான் வண்டியில் இல்லை, எந்தத் தாளிலும் என் பெயர் இல்லை. அந்தப் பழைய கோப்பைப் பத்து வருடம் ஆனால் அழித்துவிடுவார்கள், இன்னும் மூன்றே வருடம். நானும் கோப்பும் ஒன்றாகப் போய்விடலாம்.

உச்சிமாகாளி ஏப்ரலிலேயே போய்விடுவார். லாரி ஓட்டலாம். ஐம்பத்திரண்டு வயதில் யார் எடுப்பார்கள் என்று தெரியவில்லை. 'அறிந்தே மீறியவர்' என்று உத்தரவில் இருந்தால் பள்ளிக்கூட வேன்கூடக் கொடுக்க மாட்டார்கள். அந்த உத்தரவையும் நான்தான் எழுத வேண்டும்.

மார்ச் 10, திங்கள்

வீட்டில் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோப்பையும் சேர்த்து. தேங்காய் துருவிக்கொண்டிருந்தவர் நிறுத்தவில்லை.

"நடந்து வந்தா எவ்வளவு நேரம் ஆகும்?" என்று மட்டும் கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. ஏழு வருடமாக நான் நடக்கவே இல்லை.

மார்ச் 11, செவ்வாய்

பண்ணைவிலக்கில் இறங்கி ஆட்டோவைப் பார்க்காமல் நடந்தேன். வாட்சில் பார்த்துக்கொண்டேன். ஒரு பெட்டிக்கடை, ஒரு நாய், இரண்டு செங்கல் சூளை. முழங்கால் வலித்தது உண்மை. நடுவில் ஒரு தடவை மைல் கல்லில் உட்கார்ந்தேன்.

பதினாலு நிமிடம்.

உட்கார்ந்த நேரத்தையும் சேர்த்துத்தான் பதினாலு.

மார்ச் 13, வியாழன்

கோட்ட மேலாளருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். இரண்டு பக்கம். பாலத்தில் வண்டி நிற்கும் வழக்கம் என்னால் உண்டானது, யார் எப்போது எப்படி என்று எழுதினேன். பழைய கோப்பின் நகலையும் மற்ற மூன்று பேர் மெமோக்களின் நகலையும் இணைத்தேன். என்னை விசாரணையில் சாட்சியாக அழைக்கும்படி கேட்டேன். இதுவரை எழுதிய எதையும் இத்தனை தடவை படித்துப் பார்த்ததில்லை.

அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மேடம், அன்னைக்கு நீங்க வண்டியிலயே இல்லையே."

"இல்ல சார்."

"அப்புறம் எதுக்கு இது? வழக்கம்னு மட்டும் வேணும்னா ஒரு வரி எழுதிக் கொடுங்க. இந்தப் பழைய ஃபைலை எடுத்துருங்க. இதை வெச்சா நான் உங்க மேல நடவடிக்கை எடுக்காம இருக்க முடியாது."

"அந்த ஃபைல் இல்லாட்டி இது வெறும் வழக்கம் சார். அவர் ஏன் பயந்தாருங்கறது அந்த ஃபைல்லதான் இருக்கு."

மின்விசிறியைப் பார்த்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் வேலை கூடுவது பிடிக்காது. "நாளைக்குக் காலை வரைக்கும் என் மேசையில இருக்கட்டும். மனசு மாறினா எடுத்துக்கங்க" என்றார்.

மார்ச் 14, வெள்ளி

காலையில் அவர் அறைப் பக்கம் போகவில்லை. மத்தியானம் தபால் பிரிவில் என் கடிதத்துக்கு எண் போட்டுவிட்டார்கள்.

மார்ச் 28, வெள்ளி

விசாரணை. மாடி அறை, ஏ.சி. ஓடவில்லை.

நடத்துநர் முதலில். விசில் ஊதவில்லை என்றார். ஏன் ஊதவில்லை என்று விசாரணை அதிகாரி கேட்டதும் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். "அந்த எடத்துல ஊதுற வழக்கம் இல்ல சார். எனக்கு முன்னால இருந்தவங்க சொல்லிக் குடுத்தது" என்றார்.

அடுத்து நான். என்னை அந்த நாற்காலியில் பார்த்து உச்சிமாகாளி எழுந்து நின்றுவிட்டார். "எக்கா, வேண்டாம்க்கா, இது எதுக்கு" என்றார். அவரை உட்காரச் சொன்னார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். பழைய மெமோவைக் காட்டி, "இது உங்கள் கையெழுத்தா?" என்று கேட்டார்கள். ஆம் என்றேன். "இவருக்கு மட்டும் ஏன் 'மீறியுள்ளார்'?" என்று கேட்டார்கள்.

"வண்டி நிக்கலங்கற கோவத்துல எழுதினேன் சார்."

உச்சிமாகாளி என்னைப் பார்க்காமல் கையில் இருந்த துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இது புதுச் செய்தி இல்லை என்று முகத்தில் தெரிந்தது. ஏழு வருடமாகத் தெரிந்தேதான் ஓட்டியிருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. தண்ணீர் கொடுத்தார்கள்.

வெளியே வந்ததும் ஏதாவது சொல்வார் என்று நின்றேன். ஒன்றும் சொல்லாமல் படி இறங்கிப் போய்விட்டார். கோபப்பட அவருக்கு உரிமை இருக்கிறது.

ஏப்ரல் 7, திங்கள்

என்னைத் தபால் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். மேசை ஜன்னல் பக்கம். கடிதங்களுக்கு எண் போடும் வேலை.

அருள்செல்வி பழைய பிரிவிலேயே இருக்கிறாள். என் மேல் வரப்போகும் குறிப்பாணையை அவள்தான் எழுத வேண்டும். மூன்று மணிக்குத் தாளை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். இப்படிக் காட்டக் கூடாது, தெரிந்தும் கொண்டு வந்திருக்கிறாள்.

"நீங்க எழுதின மாதிரி வரைவை வச்சுத்தாங்க்கா எழுதினேன். ஒரு வரியை மட்டும் பாத்திருங்க."

'தம் பணியில் நடுநிலையைக் கடைப்பிடிக்கத் தவறியுள்ளார்' என்று எழுதியிருந்தாள். பிள்ளைக்கு நல்ல மனசு. நான் உச்சிமாகாளிக்கு முதலில் எழுதியது போலவே எழுதியிருக்கிறாள்.

"தவறலட்டி. தெரிஞ்சுதான் செஞ்சேன்."

"அக்கா, அப்படி எழுதுனா..."

"என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா?"

நான் திருத்தவில்லை. திருத்துவது என் வேலை இல்லை இப்போது. அவளே அடித்துவிட்டு எழுதினாள். பேனாவை மூடும்போது மூக்கை உறிஞ்சினாள். கீழே போய் ஆளுக்கு ஒரு காபி குடித்தோம்.

ஏப்ரல் 21, திங்கள்

உச்சிமாகாளிக்கு உத்தரவு வந்துவிட்டது. 'அறிந்தே மீறினார் என்பது நிரூபணமாகவில்லை.' ஒரு வருட ஊதிய உயர்வு நிறுத்தம், பணியில் சேரலாம். அந்த ஒரு வருடம் அவருக்கு நஷ்டம்தான், இருந்தாலும் வேலை இருக்கிறது. கடிதத்துக்கு எண் போட்டவள் நான். 1147.

பழைய இரண்டு வருடத்தைத் திருப்பிக் கொடுக்க வழி உண்டா என்று எழுதிக் கேட்டிருக்கிறேன். பதில் இல்லை.

என் கோப்பு இன்னும் நடக்கிறது. டிஸ்மிஸ் வராது என்கிறார்கள். பதவி இறக்கம் இருக்கலாம்.

சாயங்காலம் பேச்சியம்மாள் வீட்டுக்குப் போனேன். ஊன்றுகோலோடு வாசல் வரை வந்தாள். கடையில் உட்கார்ந்து பில் போடும் வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்களாம். எல்லாவற்றையும் அவளிடமும் சொன்னேன். முதல் தடவையாக அவள் சிரிக்கவில்லை. "நான் ஒங்கள நம்பித்தானக்கா எறங்குனேன்" என்றாள். ஆமாம் என்றேன். காபி கொடுத்தாள், குடித்தேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

தண்ணீர் வந்தது, எல்லாக் குடமும் நிறைந்தது.

5.40 வண்டியில் ஏறினேன். காக்கிச் சட்டையில் உச்சிமாகாளி. நான் முன் சீட்டுக்குப் போகவில்லை, நடுவில் உட்கார்ந்தேன். கண்ணாடியில் என்னைப் பார்த்தார், பார்வையைச் சாலைக்குக் கொண்டு போனார். புது நடத்துநர், டிக்கெட் கேட்டார். பண்ணைவிலக்கு என்றேன்.

ஆலடி நிறுத்தம் தாண்டியது. பாலம் தெரிந்ததும் வண்டி மெதுவாயிற்று.

முதலில் எதிரில் லாரி வருகிறது என்று நினைத்தேன். ஒன்றும் வரவில்லை. வண்டி இன்னும் மெதுவாயிற்று. கண்ணாடியில் அவர் கண் என் மடியில் இருந்தது. பையை மடியில் வைத்திருக்கிறேன் என்று அப்போதுதான் கவனித்தேன். உத்தரவு வந்து நாலு நாள்தான் ஆகிறது. இன்னொரு மெமோ வந்தால் வேலை போய்விடும் என்று அவருக்கும் தெரியும். தெரிந்தும் அவர் கால் பிரேக்குக்குப் போயிருக்கிறது. அந்தக் காலுக்கு அந்தப் பயத்தைக் கற்றுக்கொடுத்தவள் நான். எத்தனை பக்கம் எழுதிக் கொடுத்தாலும் எத்தனை நாற்காலியில் உட்கார்ந்தாலும் அது அங்கே இருக்கிறது.

பையைக் கீழே வைத்தேன். எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு, வண்டி முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"உச்சிமாகாளி அண்ணே, இங்க நிறுத்தம் கிடையாது. போங்க."

ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். புது நடத்துநர் ஒன்றும் புரியாமல் இரண்டு விசில் ஊதினார். வண்டி வேகம் எடுத்தது. எங்கள் வீட்டு மாடி ஜன்னலில் போயிற்று. மாடியில் வீட்டுக்காரர் துணி எடுத்துக்கொண்டிருந்தார்.

பண்ணைவிலக்கு வந்தது. நடத்துநர் என்னைப் பார்த்து ஒரு விசில் ஊதினார். ஏழு வருடத்தில் உச்சிமாகாளியின் வண்டியில் எனக்காக ஊதிய முதல் விசில் அது. வண்டி ஓரம் கட்டி, சரியாக நிறுத்தப் பலகைக்கு நேராக நின்றது. நான் இறங்கி ஒதுங்கி நிற்கும் வரை உச்சிமாகாளி வண்டியை எடுக்கவில்லை.

பதினைந்து நிமிடம் ஆயிற்று இன்று. கொஞ்சம் வலி.